‘யார் செய்தது?’: இலக்கணத்தையும் கதையையும் ஒன்றாகப் படித்த ஓர் ஆங்கில வகுப்பு – நிகழ்வு ஆய்வு

வகுப்பும் சிக்கலும்

15, 16 வயது மாணவர்கள். ஆங்கிலம் அவர்களுக்கு இரண்டாம் மொழி. வாரத்தில் சில பாடவேளைகள் இலக்கணத்துக்கு, சில பாடவேளைகள் கதைக்கும் கவிதைக்கும். இரண்டையும் நடத்துவது ஒரே ஆசிரியைதான். ஆனால் நோட்டு வேறு, தேர்வில் பகுதி வேறு. அந்த ஆசிரியையுடன் உட்கார்ந்து ஒரு பருவத்துக்கான பாடங்களைத் திட்டமிட்டு, பிறகு பின்வரிசையில் இருந்து கவனித்து எழுதிய பதிவு இது.

முதல் சந்திப்பிலேயே அவர் ஒரு குறை சொன்னார். இலக்கணத்தில் முழு மதிப்பெண் வாங்குகிறவர்கள்தான் இலக்கியப் பகுதியில் வெறும் காற்றை எழுதி வைக்கிறார்கள் என்று. நோட்டுகளைப் புரட்டினேன், அவர் சொன்னது சரிதான். செய்வினையைச் செயப்பாட்டு வினையாக்கு என்றால் கண்ணை மூடிக்கொண்டு செய்கிறார்கள். நேர்க்கூற்றை அயற்கூற்றாக்குவதும் அப்படியே. கதையைப் பற்றி எழுது என்றால் மட்டும், எழுத்தாளர் அழகிய சொற்களைக் கையாண்டிருக்கிறார், பாத்திரத்தின் உணர்வுகள் மனத்தைத் தொடுகின்றன, கதை நல்ல படிப்பினை தருகிறது என்று முடித்துவிடுகிறார்கள். மேலே உள்ள தலைப்பை அழித்துவிட்டு வேறெந்தக் கதையின் பெயரை எழுதினாலும் அந்தப் பதில் பொருந்தும்.

இதற்கு மாணவர்களின் சோம்பேறித்தனம் காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை. பயிற்சித்தாள்களைப் பார்த்தபோதுதான் காரணம் பிடிபட்டது. ‘பூனை எலியைத் துரத்தியது’ என்ற மாதிரி பத்து வாக்கியங்கள் இருக்கும். அதைத் திருப்பிப் போட்டால் ஒரு மதிப்பெண். எப்படி எழுதினாலும் பூனைக்கும் நஷ்டமில்லை, எலிக்கும் லாபமில்லை. இரண்டு வடிவமும் ஒரே பொருள்தான், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகத் தெரிந்தால் போதும் என்பதைத்தான் அந்தத் தாள் வருடக்கணக்கில் கற்றுக்கொடுத்து வந்திருக்கிறது. ‘இந்த இடத்தில் ஏன் இந்த வடிவம்?’ என்பது இலக்கிய வாசிப்பின் முதல் கேள்வி. அந்தக் கேள்வியே எழாதபடி பழக்கிவிட்டு, இலக்கியப் பகுதியில் வந்து நுட்பமாக எழுது என்றால் எங்கிருந்து எழுதுவார்கள்?

தனித்து நடத்தும் இலக்கணப் பயிற்சி எழுத்தை வளர்க்கிறதா என்பது பழைய சண்டை. கிரஹாம், பெரின் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2007-இல் வெளியிட்ட, பல ஆய்வுகளின் முடிவுகளை ஒன்றுசேர்த்துப் பார்க்கும் தொகுப்பாய்வு நான்காம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான மாணவர்களின் எழுத்தைப் பற்றியது. அதில் மரபான இலக்கணப் பாடத்தின் விளைவு மைனஸ் 0.32 என்றும், சின்ன வாக்கியங்களை இணைத்துப் பெரிதாக்கும் பயிற்சியின் விளைவு 0.50 என்றும் வந்தது. மைனஸ் என்றால் எழுத்து மேம்படவில்லை, பின்னுக்குப் போனது என்று பொருள். அந்த எண்கள் எழுதுவதைப் பற்றியவை, வாசிப்பைப் பற்றியவை அல்ல. அதனால் எங்கள் முயற்சிக்கு அவற்றைச் சான்றாகக் காட்ட நான் தயாரில்லை. ஆனால் பயிற்சித்தாளை விட்டு வெளியே வருவதால் பெரிதாக எதையும் இழக்கப்போவதில்லை என்ற தைரியத்தை அவை கொடுத்தன.

ஏன் இந்தக் கதை

கேட் ஷோபானின் ‘தி ஸ்டோரி ஆஃப் அன் ஹவர்’ கதையை எடுத்துக்கொண்டோம். 1894 டிசம்பரில் வோக் இதழில் வந்த அமெரிக்கக் கதை. சுமார் ஆயிரம் சொற்கள்தான், ஒரே பாடவேளையில் உரக்கப் படித்து முடிக்கலாம். காப்புரிமைக் காலம் முடிந்துவிட்டதால் நகலெடுத்துக் கொடுப்பதிலும் தொல்லையில்லை.

கதை இதுதான். இதயக் கோளாறு உள்ள திருமதி மேலார்டிடம், கணவர் ரயில் விபத்தில் இறந்துவிட்டார் என்ற செய்தியைப் பக்குவமாகச் சொல்கிறார்கள். அவள் அழுகிறாள், பிறகு தனியாக அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள். திறந்த ஜன்னலுக்கு எதிரே உட்கார்ந்திருக்கும்போது, இனித் தன் வாழ்க்கை தன்னுடையது என்ற உணர்வு மெல்ல அவளுக்குள் வருகிறது. வெற்றித் தெய்வம்போல மாடியிலிருந்து இறங்கி வருகிறாள். கதவைத் திறந்துகொண்டு கணவர் நுழைகிறார். விபத்து நடந்த இடத்திலேயே அவர் இல்லை. அவள் இறந்துபோகிறாள். மகிழ்ச்சி தாளாமல் இறந்தாள் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள்.

பெண் விடுதலை, திருமணம் என்று இதில் பேச நிறைய இருக்கிறது. நாங்கள் தேர்ந்தெடுத்தது அதற்காக அல்ல. அந்தப் பருவத்தின் இலக்கணப் பாடத்தில் இருந்தவை செயப்பாட்டு வினையும் அயற்கூற்றும் ‘வுட்’ என்ற துணைவினையும். இந்தக் கதை திரும்புகிற இடங்களிலெல்லாம் இவற்றில் ஒன்று நிற்கிறது. இலக்கணத்துக்காகக் கதையைத் தேடுவதா, கதைக்காக இலக்கணத்தைத் தேடுவதா என்று சிலர் கேட்பார்கள். எந்த வாக்கியத்தை மாற்றினால் கதை உடையுமோ அந்த வாக்கியத்தை எடுக்க வேண்டும், அவ்வளவுதான். மற்ற வாக்கியங்களில் வைத்து இலக்கணம் கேட்டால் அது மறுபடியும் பூனை-எலி கதைதான்.

முதல் நாள் இலக்கணமே கிடையாது என்று முன்பே முடிவு செய்திருந்தோம். ஆசிரியை படித்தார். கடைசி வரியில் இரண்டு மூன்று பேர் மட்டும் நிமிர்ந்து பார்த்தார்கள். மற்றவர்களுக்கு அது ஒரு சோகக் கதை.

முதல் வாக்கியத்தில் ஒரு வெற்றிடம்

மறுநாள் ஒரே வாக்கியம் பலகையில். ‘கிரேட் கேர் வாஸ் டேக்கன்’ என்பதை மையமாகக் கொண்ட கதையின் தொடக்க வாக்கியம். அவளுக்கு இதயக் கோளாறு இருப்பதை அறிந்து, கணவரின் சாவை மெதுவாக அவளிடம் சொல்லப் பெரும் கவனம் எடுக்கப்பட்டது என்பது அதன் சாரம்.

இதைச் செய்வினையாக மாற்றுங்கள் என்றார் ஆசிரியை. எல்லோரும் பழக்க வேகத்தில் பேனாவை எடுத்தார்கள், எடுத்த கையோடு நின்றார்கள். எழுவாய் இல்லை. பயிற்சித்தாளில் ‘பை’ (by) என்ற சொல்லைப் போட்டு எழுவாயைக் கடைசியில் ஒளித்து வைத்திருப்பார்கள், எடுத்து முன்னால் வைத்தால் போதும். இங்கே அது இல்லவே இல்லை. கவனம் எடுத்தது யார்? அடுத்த வரியைப் பார்த்து, சகோதரி ஜோசஃபின் என்றார்கள் சிலர். கணவரின் நண்பர் ரிச்சர்ட்ஸ் என்றார்கள் வேறு சிலர். ஒரு மாணவி மட்டும், ஒருத்தர் பெயரும் போட முடியாது, வீடே சேர்ந்துதான் செய்திருக்கிறது என்றாள். அவளைச் சுற்றி எல்லோரும் ஒரு வேலி கட்டியிருக்கிறார்கள், கட்டியவர் யார் என்று கதை சொல்லவில்லை என்கிற அளவுக்கு அந்தப் பேச்சு போனது. கதையின் முதல் வாக்கியத்திலேயே அவள் மற்றவர்களால் பார்த்துக்கொள்ளப்படுகிறவள். இது ஒரு விமர்சனக் கருத்து. இலக்கணப் பயிற்சியைச் செய்ய முடியாமல் நின்ற இடத்தில்தான் அது பிறந்தது.

அதே வாக்கியத்தில் இன்னொரு வேடிக்கை. ‘நோயிங்’ என்று தொடங்குகிறது. அறிந்தவர் யார்? இலக்கண நூல்களின்படி அந்த எச்சம் தலைமை வாக்கியத்தின் எழுவாயோடு சேர வேண்டும். அப்படியானால் ‘பெரும் கவனம்’தான் அவள் நோயை அறிந்திருக்க வேண்டும். அச்சில் வந்த கதையிலேயே பிழை கண்டுபிடித்துவிட்ட ஒரு பையனின் சந்தோஷத்துக்கு அளவே இல்லை. இது பிழையா, வேண்டுமென்றே செய்ததா? ஆசிரியை தீர்ப்புச் சொல்லவில்லை, அது நல்லதுதான். புகழ்பெற்ற எழுத்தாளர் எழுதியது என்பதற்காக ஒவ்வொரு நெளிவையும் மேதைமை என்று விற்பது எனக்கு உடன்பாடில்லை. அந்தக் காலத்து உரைநடையில் இது சாதாரணமாக நடக்கும். ஆனால் விளைவு என்னவோ ஒன்றுதான். அறிந்தவரும் மறைந்துவிட்டார், கவனம் எடுத்தவரும் மறைந்துவிட்டார்.

எதிர்பாராத ஓட்டை

அடுத்து, கதை முழுவதும் செயப்பாட்டு வினைகளை அடிக்கோடிடச் சொன்னபோது ஒரு ஓட்டை வெளிப்பட்டது. ‘வாஸ்’ வந்த இடமெல்லாம் கோடு. ‘ஷீ வாஸ் யங்’ என்பதற்கும் கோடு, ‘ஷீ வாஸ் வெயிட்டிங்’ என்பதற்கும் கோடு. மாற்றும் பயிற்சியில் ஒரு தவறுகூடச் செய்யாதவர்களின் தாள்களிலும் இதே கதை.

யோசித்துப் பார்த்தால் இதில் ஆச்சரியமில்லை. பயிற்சித்தாளின் தலைப்பே இது செயப்பாட்டு வினை என்று சொல்லிவிடுகிறது. தானாக அடையாளம் காணும் வேலை அவர்களுக்கு எப்போதும் தரப்படவில்லை. ஆசிரியை கதையை மூடிவைத்துவிட்டு, மீதிப் பாடவேளை முழுவதும் பழைய பாணியில் இலக்கணமே நடத்தினார். ‘வாஸ்’ என்பதற்குப் பின்னால் பெயரடை வந்தால் என்ன, ‘இங்’ வந்தால் என்ன, வினையின் மூன்றாம் வடிவம் வந்தால் என்ன என்று. இலக்கியத்தோடு சேர்த்துக் கற்பிப்பது என்றால் நேரடி விளக்கமே கூடாது என்று நினைப்பவர்கள் உண்டு. இந்த வகுப்பில் அந்தப் பாடவேளை இல்லாமல் அடுத்த எதுவும் நடந்திருக்காது. ஒரு வித்தியாசம் மட்டும்: இந்த முறை அந்த விளக்கத்தை அவர்கள் தேவைப்பட்டுக் கேட்டார்கள்.

யாருடைய வினை, யாருடைய நினைப்பு

கோடுகள் திருத்தப்பட்ட பிறகு, அவள் அறைக்குள் இருக்கும் பகுதியில் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எழுவாய் எது என்று வரிசையாக எழுதச் சொன்னார் ஆசிரியை. சலிப்பூட்டும் வேலை, முனகல்கள் கேட்டன. பட்டியல் முடிந்தபோது அதில் ஒரு கதை இருந்தது. நாற்காலியில் அவள் சாய்கிறாள், ஆனால் அவளைக் கீழே அழுத்துவது களைப்பு. ஏதோ ஒன்று அவளை நோக்கி வருகிறது. ஒரு சொல் அவள் உதடுகளிலிருந்து தப்பி வெளியேறுகிறது. அவள் அதைச் சொன்னாள் என்றுகூட முதலில் வரவில்லை. அதன் பிறகுதான் அவள் அந்தச் சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்கிறாள். அங்கிருந்து ‘ஷீ’ எழுவாயாக அடுக்கிக்கொண்டு வருகிறது. அவள் விடுதலையாகும் இடம் எது என்று கேட்டால் முன்பெல்லாம் ‘ஃப்ரீ’ என்ற சொல்லைக் காட்டியிருப்பார்கள். இப்போது சிலர், அந்தச் சொல்லின் எழுவாய் மாறும் வரியைக் காட்டினார்கள்.

‘வுட்’ கொஞ்சம் தகராறு செய்தது. பணிவாகக் கேட்பதற்கும் ‘இப்படி இருந்தால் அப்படி நடக்கும்’ என்பதற்கும்தான் அந்தத் துணைவினை என்று படித்திருந்தார்கள். ‘ஷீ வுட் லிவ் ஃபார் ஹெர்செல்ஃப்’ என்பது இரண்டுமில்லை. கடந்த காலத்தில் நின்றுகொண்டு எதிர்காலத்தைப் பார்க்கும் வாக்கியம் அது. நேர்க்கூற்றாக மாற்றிப் பாருங்கள் என்றதும் ‘ஐ வில் லிவ் ஃபார் மைசெல்ஃப்’ வந்துவிட்டது. அப்புறம் கேள்வி: கதையில் மேற்கோள் குறி இல்லையே, இதை நினைப்பது அவளா, கதைசொல்லியா? ரெண்டு பேரும்தான் என்றான் ஒருவன், விளையாட்டாக. விமர்சன நூல்கள் பக்கம் பக்கமாக விளக்குவதும் அதைத்தான். அதற்கான கலைச்சொல்லை ஆசிரியை சொல்லவில்லை. அந்த வயதில் பெயர் கிடைத்துவிட்டால் யோசிப்பது நின்றுவிடும் என்பது அவர் எண்ணம். நான் சொல்லியிருப்பேன்.

திட்டத்தில் இல்லாத ஒன்றும் நடந்தது. ‘இட் வாஸ்’ என்று தொடங்கி ‘ஹூ’ என்று தொடரும் வாக்கியம் கதையில் திரும்பத் திரும்ப வருவதை ஒரு மாணவி கவனித்தாள். செய்தியைச் சொன்னது ஜோசஃபின்தான், செய்தித்தாள் அலுவலகத்தில் இருந்தது ரிச்சர்ட்ஸ்தான், கடைசியில் உள்ளே வந்தது மேலார்ட்தான். மூன்றும் ஒரே அச்சு. அவளைச் சுற்றி இருப்பவர்களுக்கெல்லாம் ‘இவர்தான்’ என்று சுட்டும் வாக்கியம் கிடைக்கிறது, அவளுக்கு ஒன்றுகூட இல்லை என்பது அவள் வாதம். நானும் ஆசிரியையும் கதையைப் பலமுறை படித்திருந்தும் எங்கள் கண்ணில் படாதது இது.

‘அவர்கள் சொன்னார்கள்’

இந்தப் பருவத்தில் மிகச் சிறப்பாக அமைந்த வகுப்பு கடைசி வாக்கியத்தைப் பற்றியது. மருத்துவர்கள் வந்தபோது, அவள் இதய நோயால், கொல்லும் மகிழ்ச்சியால், இறந்துவிட்டாள் என்று சொன்னார்கள். ‘தே செட் ஷீ ஹேட் டைட்’ என்பது அயற்கூற்றுப் பாடத்தின் மாதிரி வாக்கியம். ‘செட்’ வந்தால் உள்ளே இருக்கும் காலம் ஒரு படி பின்னால் போகும். இதை எல்லோரும் மனப்பாடமாக அறிவார்கள்.

ஆசிரியை பலகையில் அந்த வாக்கியத்தை எழுதி, ‘தே செட்’ என்பதை மட்டும் அழித்தார். இப்போது கதை என்ன சொல்கிறது? அவள் மகிழ்ச்சியால் இறந்தாள். யார் சொல்வது? கதையே சொல்கிறது. அப்படியானால் அறைக்குள் நடந்ததெல்லாம் என்ன ஆயிற்று? சிறிது நேரம் யாரும் பேசவில்லை. பிறகு அழித்ததை மறுபடி எழுதினார். கதை விலகி நின்றுகொண்டு, இவர்கள் இப்படிச் சொன்னார்கள் என்று மட்டும் தெரிவிக்கிறது. உண்மை தெரிந்தவர்கள் இரண்டே பேர், இறந்தவளும் வாசகரும். முரண்நகை என்ற சொல்லின் வரையறையை இந்த மாணவர்கள் முன்பே எழுதியிருக்கிறார்கள், மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறார்கள். அது ஒரு ‘செட்’டில் தொங்கிக்கொண்டிருப்பதை அன்றுதான் பார்த்தார்கள். முதல் நாள் இதைச் சோகக் கதை என்று சொன்ன ஒருவன், அந்த டாக்டர்களுக்கு ஒண்ணுமே தெரியாது என்று கொஞ்சம் கோபமாகவே சொன்னான்.

புதிய வாய்ப்பாடு

அடுத்த கட்டுரைகள் வந்தபோது மகிழ்ச்சியும் தலைவலியும் சேர்ந்தே வந்தன. மேற்கோள் காட்டி எழுதத் தொடங்கியிருந்தார்கள். ஆனால் பாதிப்பேர் கட்டுரையில் ஒரே வரி: எழுத்தாளர் செயப்பாட்டு வினையைப் பயன்படுத்தி, செய்தவரை மறைக்கிறார். பழைய ‘அழகிய சொற்கள்’ உட்கார்ந்திருந்த நாற்காலியில் இது வந்து உட்கார்ந்துவிட்டது.

மறுப்பு அதே கதையிலேயே இருந்தது. ரயில் விபத்துச் செய்தி அலுவலகத்தில் ‘வாஸ் ரிசீவ்ட்’ என்று வருகிறது. அங்கே பெற்றுக்கொண்டவரை யாரும் மறைக்கவில்லை, அவர் யாராக இருந்தாலும் ஒன்றுதான். களைப்பால் அழுத்தப்பட்டாள் என்ற இடத்திலோ ‘பை’ போட்டு, அழுத்தியது எது என்று வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறது. ஒரே இலக்கண வடிவம் ஒரே கதையில் மூன்று வேலை செய்கிறது. இதன் பிறகு ஆசிரியை ஒரு நிபந்தனை வைத்தார். இலக்கண வடிவத்தைப் பற்றி எதை எழுதினாலும், முதலில் அந்த வாக்கியத்தை மாற்றி எழுதிக் காட்ட வேண்டும், மாற்றியதில் என்ன போயிற்று என்று சொல்ல வேண்டும். ஒன்றும் போகவில்லை என்றால் அந்தக் கருத்தையே விட்டுவிட வேண்டும். கட்டுரைகளின் நீளம் குறைந்தது. வாய்ப்பாட்டு வரி முழுக்க ஒழியவில்லை, ஆனால் அருகிப்போனது.

வேறு பாடத்தில் சோதனை

பழகிய கதையில் நன்றாகச் செய்வது பெரிதல்ல. அதனால் அடுத்து ஷெல்லியின் ‘ஒசிமாண்டியாஸ்’, 1818-இல் வந்த 14 வரி சானெட். பாலைவனத்தில் உடைந்து கிடக்கும் ஓர் அரசனின் சிலையைப் பற்றியது. வரலாற்றுப் பின்னணியைச் சொல்லாமல் வெறும் கவிதையை மட்டும் கொடுத்தோம்.

இதில் ஒரு வாக்கியம் பெரியவர்களையே தடுக்கும். சிலையின் முகத்தில் அந்த அரசனின் ஆணவத்தைச் சிற்பி நன்றாகப் படித்திருக்கிறான். அந்த உணர்ச்சிகள், ‘விச் யெட் சர்வைவ்’ (இன்னும் பிழைத்திருப்பவை), உயிரற்ற கல்லில் பொறிக்கப்பட்டு... என்று போய், திடீரென ‘தி ஹேண்ட்’, ‘தி ஹார்ட்’ என்று ஒரு கையும் ஒரு இதயமும் வருகின்றன. ‘சர்வைவ்’ என்பதைச் செயப்படுபொருள் தேவையில்லாத வினையாக எடுத்துக்கொண்டால் இந்தக் கையும் இதயமும் அந்தரத்தில் நிற்கும். பெரும்பாலோர் அப்படித்தான் படித்தார்கள், சிலையில் ஒரு கையும் இருக்கிறதாக்கும் என்று கடந்து போனார்கள். கொஞ்ச நேரம் கழித்து ஒரு குழுவில், எது எதை சர்வைவ் பண்ணுது என்ற கேள்வி எழுந்தது. அந்த வினைக்குச் செயப்படுபொருள் உண்டு, நடுவில் செருகிய தொடரால் தள்ளிப்போய் நிற்கிறது என்று தெரிந்ததும் வாக்கியம் திறந்துகொண்டது. அந்த உணர்ச்சிகள், அவற்றைச் செதுக்கிய சிற்பியின் கையையும் அவற்றை வளர்த்த அரசனின் இதயத்தையும் தாண்டி வாழ்கின்றன. கை போயிற்று, இதயம் போயிற்று, ஆணவம் கல்லில் இருக்கிறது.

அந்தக் குழுவில் இருந்தவர்கள் வகுப்பின் முதல் மாணவர்கள் அல்ல. இன்னொரு குழு, யார் யாரிடம் சொல்கிறார்கள் என்று அடுக்கி எழுதியிருந்தது. பீடத்தில் எழுதியிருப்பதைப் பயணி சொல்கிறான், பயணி சொன்னதைக் கவிதையின் ‘நான்’ சொல்கிறது. உலகையே மிரட்டிய அரசனின் குரல் நமக்கு மூன்றாவது கையாகத்தான் வந்து சேர்கிறது. ‘தே செட்’ வகுப்பின் பழக்கம் இங்கே வந்து வேலை செய்திருக்கிறது என்றே நினைக்கிறேன்.

நடக்காதவை

மாணவர்கள் சொந்தமாக எழுதும் ஆங்கிலத்தில் பிழைகள் பெரிதாகக் குறையவில்லை. எழுவாயும் வினையும் ஒட்டாத வாக்கியங்கள், ஒரே பத்தியில் மாறி மாறி வரும் காலங்கள் எல்லாம் அப்படியே இருந்தன. வாசிப்பில் பார்ப்பதைத் தானாகவே எழுத்துக்குக் கொண்டுபோய்விடுவார்கள் என்ற நம்பிக்கை எனக்கு ஆரம்பத்திலேயே இல்லை. அதற்குத் தனிப் பயிற்சி வேண்டும், வாக்கியங்களை இணைப்பதுபோல ஏதாவது.

சொல்வளம் குறைந்தவர்கள் சிரமப்பட்டார்கள். 19-ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் பாதிச் சொல் தெரியாதபோது எழுவாயைத் தேடு என்பது கொடுமை. அவர்களுக்கு முழுக் கதைக்குப் பதிலாக, சொற்பொருள் கொடுத்த இரண்டு மூன்று வாக்கியங்களை மட்டும் ஆசிரியை தந்தார். அதில் நன்றாகவே ஈடுகொடுத்தார்கள்.

நேரம் இன்னொரு சிக்கல். ஒரு சிறு கதைக்கு வழக்கமாக ஒதுக்குவதைவிடப் பல மடங்கு பாடவேளைகள் போயின. வேறு இரண்டு பாடங்களை மேலோட்டமாக முடிக்க வேண்டி வந்தது. தேர்வுத்தாளோ மாறவில்லை, ‘செயப்பாட்டு வினையாக மாற்று’ அதே இடத்தில் இருக்கிறது. அதனால் மாற்றும் பயிற்சியை ஆசிரியை நிறுத்தவில்லை. வீட்டுப்பாடமாக்கிவிட்டு, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் மேலே ஒரு சூழ்நிலையைச் சேர்த்தார். ஜன்னல் கண்ணாடியை உடைத்தது நீதான், தலைமையாசிரியருக்குக் கடிதம் எழுதுகிறாய். உடைத்தது உன் நண்பன், அவனைக் காட்டிக்கொடுக்க மனமில்லை. உடைத்தவரைக் கண்டுபிடிப்பதுதான் உன் வேலை. மூன்றுக்கும் எந்த வடிவம், ஏன் என்று ஒரு வரி. இந்தத் தாளைத் திருத்த முன்பைவிட அதிக நேரம் பிடிக்கிறது. விடைக்குறிப்பை வைத்துக்கொண்டு ‘டிக்’ போட முடியாது. அதனால் பத்துக் கேள்விகளை நான்காகக் குறைத்திருக்கிறார்.